உடல் என்னும் அமானிதம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பொருளாளர் வரவு செலவு அறிக்கையை வாசித்த பின்னர் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்களின் விருப்பத்திற்கிணங்க இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



 



சற்று முன்னர் நம் பொருளாளர் அவர்கள் ஓராண்டுக் கணக்கை ரூபாய் பைசா பிசகாமல் வாசித்தார்கள். குழாய் பழுது பார்த்த செலவுக்குக்கூட ரசீது இருக்கிறது. அல்லாஹ்வின் வீட்டுப் பணம் என்பதால் அவ்வளவு கவனம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த இன்னோர் அமானிதமாகிய உடலுக்கு நாம் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறோமா என்ற எண்ணம் எழுந்தது. மறுமையில் மனிதனிடம் அவன் செல்வத்தை எவ்வழியில் ஈட்டினான், எவ்வழியில் செலவிட்டான் என்று கேட்கப்படுவதைப் போலவே, உடலை எவ்வழியில் தேயச் செய்தான் என்பதும் கேட்கப்படும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம்.

நான் ஆலிம் அல்லன்; மருத்துவனும் அல்லன். முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தும் வியாபாரி. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். ஆகவே, உடல் எடையைக் குறைப்பதற்காக நான் போட்ட முதலீட்டின் கணக்கை உங்கள் முன் ஒளிவுமறைவின்றி வைக்கிறேன். இதில் நட்டம் அதிகம். அந்த நட்டத்தைச் சொல்லவே இன்று அனுமதி கேட்டு நிற்கிறேன்.

பணம் போன வழி

கடையைத் தொடங்கிய காலத்தில் அரிசி மூட்டையை நானே இறக்கினேன். சரக்கை நானே எடுத்துக் கொடுத்தேன். வியாபாரம் பெருகியது, அல்ஹம்துலில்லாஹ். கையுதவிக்கு ஆட்கள் வந்தார்கள். நான் கல்லாவில் அமர்ந்தேன். அமர்ந்தவன் அமர்ந்தவனே.

இலண்டன் மாநகரப் பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றி ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களிடம் இருதய நோய் அதிகமாகவும், அதே பேருந்தில் மாடிப்படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் குறைவாகவும் இருந்ததை அவர் கண்டார். ஊர் ஒன்று, பேருந்து ஒன்று. உட்கார்ந்திருந்ததே பெரிய வேறுபாடு. நான் நடத்துநராகத் தொடங்கி ஓட்டுநராக மாறியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து வயதில் என் எடை 94 கிலோ. இடுப்புச் சுற்றளவு 110 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாது என்பது இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ள அளவு. நான் அச்சமுற்றேன். அச்சம் வந்தால் வியாபாரி என்ன செய்வான்? பணத்தை எடுத்து நீட்டுவான்.

முதலில் வீட்டுக்கு நடைப்பயிற்சி இயந்திரம் வந்தது: 42,000 ரூபாய். நான்கு மாதங்கள் ஓடியது. பிறகு ஈரத் துணி காயப் போடும் கொடியாயிற்று. அடுத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்றாண்டுச் சந்தா, ஆண்டுக்கு 9,000 வீதம் 27,000 ரூபாய். பழக்கமான ஒருவர் கொண்டு வந்து தந்த சத்துமாவு டப்பாக்கள், ஆறு மாதத்துக்கு 30,000 ரூபாய். வெளியூரில் ஏழு நாள் தங்கி எடை குறைக்கும் முகாம், 25,000 ரூபாய். காலணி, கைக்கடிகாரம் முதலியவை 11,000 ரூபாய். ஆக மொத்தம் ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம். பதினோர் ஆண்டுகளின் முடிவில் என் எடை 96 கிலோ. முதலும் போயிற்று, இரண்டு கிலோ கூடவும் வந்தது.

உடற்பயிற்சிக் கூடத்துக் கணக்கை மட்டும் தனியே பாருங்கள். முதலாண்டு 31 நாள், இரண்டாமாண்டு 19 நாள், மூன்றாமாண்டு 8 நாள், ஆக 58 நாள் சென்றேன். ஒரு நாள் பயிற்சிக்கு 465 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இது என் ஒருவனுடைய அறியாமை என்றே நீண்ட காலம் வெட்கப்பட்டேன். ஆனால், 2006இல் பொருளியல் அறிஞர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஏழாயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்களின் வருகைப் பதிவை அவர்கள் ஆராய்ந்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறை மட்டுமே வந்தார்கள். வரும்போதெல்லாம் 10 டாலர் கொடுத்தால் போதும் என்னும் வாய்ப்பு இருந்தும், சந்தா கட்டியதால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் செலவாயிற்று.

காரணம் எளிது. பணம் கட்டிய அன்றே பாதி எடை குறைந்துவிட்டதைப் போன்ற மன நிறைவு நமக்கு வந்துவிடுகிறது. பணம் கட்டுவது ஒரு நாள் வேலை. வருவதோ தினசரி வேலை. இயந்திரத்தையோ கூடத்தையோ நான் குறை கூறவில்லை. நாள் தவறாமல் பயன்படுத்துவோருக்கு அவை நல்ல பலனே தருகின்றன. நான் பணத்தைக் கொடுத்தேன், நேரத்தைக் கொடுக்கவில்லை. என் தவறு அங்கேதான்.

கணக்கில் எழுதாத செலவு

இனிச் சொல்லப்போவதை என் மனைவியின் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் பரிசோதனைக்காக மருத்துவரிடம் சென்றேன். துணைக்கு மனைவியும் வந்திருந்தார். வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் இரத்தம் கொடுங்கள் என்று மருத்துவர் கூறினார். முடிவு வந்தது. எனக்குச் சர்க்கரை நோயின் எல்லைக்கு முந்திய நிலை. என் மனைவிக்கோ, எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.8! 6.5 இருந்தாலே அது சர்க்கரை நோய். கால் எரிகிறது என்றும், தாகம் தீரவில்லை என்றும் அவர் கூறியபோதெல்லாம், வேலைக் களைப்பு என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார். வீடு திரும்பியதும் நானும் அதையே வலியுறுத்தினேன். அப்போது அவர் கேட்டார்: "நடக்கச் சொல்கிறீர்களே, நான் எங்கே போய் நடப்பது? எந்த நேரத்தில் நடப்பது?"

என்னிடம் விடை இல்லை. ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாயும் என் ஒருவன் உடலுக்கே செலவாகியிருந்தது. அவர் உடலுக்காக ஒரு நூறு ரூபாய்க் காலணிகூட வாங்கவில்லை. அதைவிடப் பெரியது நேரத்தின் கணக்கு. நான் பயிற்சிக்குச் சென்ற நாட்களில் எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சியவர் அவர். கூட்டு, பொரியலை எண்ணெய் குறைத்து மீண்டும் ஒரு முறை சமைத்தவர் அவர். வியர்வைத் துணியைத் துவைத்தவரும் அவரே. என் பயிற்சிக்கான நேரத்தை நான் என் நேரத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் நேரத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் பயணத்தின்போது ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. முதல் முறை அன்னையார் வென்றார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு உடல் சற்றுப் பருத்தபோது மீண்டும் ஓடினார்கள். அப்போது பெருமானார் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று அன்போடு கூறினார்கள். இச்செய்தியைப் பயான்களில் பல முறை கேட்டுச் சிரித்திருக்கிறேன். மனைவியின் உடல் நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் கணவன் தன் நேரத்தைக் கொடுத்தான் என்ற பாடம் அதில் இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நேரம் என்னும் முதல்

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு அருட்கொடைகளில் மனிதர் பலரும் நட்டமடைந்து நிற்கிறார்கள் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அங்கே ஆளப்பட்டுள்ள 'மக்பூன்' என்ற அரபுச் சொல், கொடுக்கல் வாங்கலில் ஏமாந்து போனவனைக் குறிக்கும் வியாபாரச் சொல் என்று ஹஜ்ரத் அவர்கள் எனக்கு விளக்கினார்கள். முப்பதாண்டு வியாபாரியாகிய நான் எந்தச் சரக்கிலும் அவ்வளவு ஏமாந்ததில்லை.

எவ்வளவு நேரம் வேண்டும்? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 150 நிமிடம் என்பது இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம்; அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் இது. செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் கொடுக்கிறோம். மார்க்கச் சட்டமாக அன்றி, ஓர் ஒப்புமைக்காகவே கேட்கிறேன்: 168 மணி நேரத்துக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் வரும். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் வீதம் வாரத்தில் ஆறு நாட்கள் நடப்பதற்கு அது போதும். பன்னிரண்டு நிமிடம் மிச்சமும் இருக்கும்.

இதனால் பலன் உண்டா என்று வியாபாரி கேட்கத்தான் செய்வான். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையிலிருந்து நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியாயிற்று. உணவைச் சீர்செய்து நடைப்பயிற்சியும் மேற்கொண்ட பிரிவினருக்கு, மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற பிரிவினருக்கு 26.4 விழுக்காடு குறைந்தது. அதாவது, நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு நிகராக நின்றன. அந்த நிலையில் இன்று நம் நாட்டில் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, நோய் வந்தவர்கள் 10.1 கோடி, வரும் நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இக்கூட்டத்திலும் பலர் இருப்போம். சோதித்துப் பார்க்காததால் தெரியவில்லை.

ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நானும் மனைவியும் நாற்பது நிமிடம் நடக்கத் தொடங்கினோம். திரும்பி வந்ததும் தேநீர் போடுவது என் பொறுப்பு. பசியாறலுக்கு மாவு ஊற்றுவதும் என் பொறுப்பு. முதல் மாதத்தில் எடை அசையவே இல்லை. ஆனால், சிறிதேயானாலும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியின் கருத்தை நினைத்துத் தொடர்ந்தோம். பள்ளிவாசலுக்கும் வண்டியில் வருவதை விட்டேன். என் வீட்டிலிருந்து பள்ளிவாசல் 400 மீட்டர். ஐந்து வேளையும் நடந்து வந்து திரும்பினால் 4 கிலோமீட்டர். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சியாக்கிப் பேசுவது முறையன்று. ஆனால், தொழ நடந்து வரும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று தெரிந்திருந்தும், வண்டியை உதைத்தவர்கள் அல்லவா நாம்?

சீனியின் கணக்கு

நடந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். நாற்பது நிமிட நடையில் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. நான் கடையில் அமர்ந்து நாளொன்றுக்கு ஐந்து தேநீர் அருந்துவேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, சுமார் 10 கிராம். ஐந்துக்கும் சேர்த்து 50 கிராம். அதுவும் 200 கலோரிதான். காலையில் நடந்து சம்பாதித்ததைக் கல்லாவில் அமர்ந்தே செலவழித்திருக்கிறேன். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 18 கிலோ சீனி! என் கடைச் சீனியை அதிகமாக வாங்கிய வாடிக்கையாளன் நானே.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற பெருமானார் அவர்களின் அறிவுரையை நாம் மதரஸாவிலேயே மனனம் செய்தோம். நடைமுறையில் மூன்று பங்கையும் நெய்ச்சோற்றுக்கே கொடுத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் செல்கிறோம். நோன்பு மாதத்தில்கூட எடை கூடுகிறவர்கள் நம்மிடையே உண்டு, நானும் ஒருவன். கஞ்சி காரணமன்று. கஞ்சியோடு வந்த சம்சாவும், தராவீஹுக்குப் பின் வந்த பரோட்டாவுமே காரணம். நாங்கள் எதையும் அறவே விலக்கவில்லை. தேநீரில் சீனியை நிறுத்தினோம். பொரித்ததை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கினோம். இரவுச் சோற்றைப் பாதியாக்கினோம். எனக்கென்று தனிச் சமையல் என்பதும் ஒழிந்தது. வீடு முழுவதற்கும் ஒரே சமையல்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். டிர்செபடைடு என்னும் வாராந்தர ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, தொடக்க அளவுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆயிற்று. தேவைப்படுவோருக்கு அவை நல்ல மருந்துகளே. மருத்துவர் எழுதித் தந்தால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால், அதே வகையைச் சேர்ந்த செமக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஆகவே ஊசி போட்டாலும், போடாவிட்டாலும் உணவுப் பழக்கத்துக்கும் நடைக்கும் விடுமுறை இல்லை.

இரண்டரை ஆண்டுகளின் வரவை இப்போது கூறுகிறேன். என் எடை 96லிருந்து 82 கிலோவாயிற்று. இடுப்பு 98 சென்டிமீட்டர். இன்னும் செல்ல வேண்டிய தூரம் உண்டு. மனைவிக்கு 6 கிலோ குறைந்தது, மாத்திரையும் தொடர்கிறது, சராசரிச் சர்க்கரை 7.1க்கு இறங்கியுள்ளது. ஆனால், கால் எரிச்சல் முழுவதும் நீங்கவில்லை. சில ஆண்டுகள் முன்னரே கண்டறிந்திருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திராது என்கிறார் மருத்துவர். அந்த ஆண்டுகளைத் திரும்ப வாங்க எந்தக் கடையிலும் விலை இல்லை. செலவோ, இருவருக்கும் இரண்டு முறை வாங்கிய காலணிகள் மட்டுமே.

ஜமாஅத்திடம் வேண்டுவது

"நான் எங்கே போய் நடப்பது?" என்பது என் மனைவியின் கேள்வி மட்டுமன்று. எங்களுக்காவது ஃபஜ்ருக்குப் பின் சேர்ந்து நடக்க வாய்த்தது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள், கணவரை இழந்தவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் எங்கே நடப்பார்கள்? தெருவில் நடந்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள் என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கிறது. பேசுகிறவர்கள் நாம்தானே! ஆகவே நிர்வாகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மதரஸா மைதானத்தை வாரத்தில் ஐந்து நாட்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பெண்களின் நடைப்பயிற்சிக்கென்று ஒதுக்க வேண்டும். சுற்றிலும் திரை கட்டுவதற்கும், விளக்குகள் பொருத்துவதற்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் 1,35,000 ரூபாயில் பாதிகூட ஆகாது. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வீட்டு ஆண்களின் கடமையாகட்டும்.

இரண்டு: ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் வாயிலிலிருந்து ஆண்கள் குழுவாக நடப்போம். தனியே நடப்பவன் மழை தூறினால் நின்றுவிடுவான். வாயிலில் காத்திருப்பவர்கள் இருந்தால் வெட்கத்துக்காகவேனும் வருவான். மூட்டு வலி, நெஞ்சு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று: ஆண்டுக்கு இருமுறை ஜமாஅத் சார்பில் எடை, இடுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கும் முகாம் நடத்த வேண்டும். பெண்களுக்குத் தனி நாள், பெண் மருத்துவர்.

நான்கு: நம் கூட்டங்களில் சீனியைத் தனியே வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். இன்று கூட்டம் முடிந்ததும் சம்சா உண்டு என்று அறிவேன். அதைத் தடுத்து உங்கள் கோபத்துக்கு ஆளாக மாட்டேன். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். சென்றதும் வீட்டுப் பெண்மக்களிடம், உங்கள் உடல் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் அதைப் பல ஆண்டுகள் கேட்காமல் இருந்துவிட்டேன்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், அவன் தந்த உடலையும் நேரத்தையும் செல்வத்தையும் அவன் உவக்கும் வழியில் செலவிடும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.